வாயை மூடிச் சிரிக்கச் சொன்ன போட்டி: ஒரு தையல்காரியின் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் இல்லை. போன ஆவணி விடுமுறையில் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு மண்டபத்தில் சிறுமிகளுக்கு அழகுராணிப் போட்டி நடந்தது. மேடை ஏறிய 31 பிள்ளைகளில் ஆறு பேருடைய கவுன் என் மெஷினில் தைத்தது. ஐந்துக்குக் காசு வாங்கினேன். ஆறாவது என் மகளுடையது. அதாவது உழைத்ததும் நான், செலவழித்ததும் நான். நடத்தியவர்களின் பெயரை எழுதப்போவதில்லை, கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். மார்கழியில் இன்னொன்று வருகிறதாம். போன கிழமை இரண்டு தாய்மார் துணியோடு வந்து, "அக்கா, நீங்கள் போன முறை போனனீங்கள்தானே, எப்பிடி? பிள்ளையை விடலாமோ?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மெஷினை நிப்பாட்டிவிட்டுக் கதை சொல்ல நேரம் காணாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு விசுவமடுவில், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து ஐந்து நிமிட நடை. விறாந்தைதான் கடை. தை மாதம் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பாவாடை சட்டை, இடையில் கலியாண வீட்டுப் பிளவுஸ், சாமத்திய வீட்டு லெகங்கா. இதுதான் என் வருசம். நாலு வயதுப் பிள்ளைக்குக் கவுன் என்று ஒருவரும் கேட்டு வந்ததில்லை, இந்தப் போட்டி வரும் வரைக்கும்.

விளம்பரம் வட்ஸ்அப்பில் வந்தது. நாலு வயது முதல் பத்து வயது வரை, இரண்டு பிரிவு. ஒரு கிரீடத்தின் படம். என் மகளுக்கு ஏழு வயது. போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவள், "அம்மா, கிரீடம் தருவினமாம்" என்று ஓடிவந்தாள். முன்பல் இரண்டும் அப்போதுதான் விழுந்திருந்தன, "கிரீடம்" என்ற சொல்லே காற்றோடு வந்தது. நான் ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணக்கை முதலில் பாருங்கள், ஏனென்றால் விளம்பரத்தில் விலை என்று நுழைவுக் கட்டணம் 3,500 ரூபாய் மட்டும்தான் இருந்தது. பெயர் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்தன. மேக்கப் அவர்கள் சொல்லும் பார்லரில்தான் போட வேண்டும், 3,000. மேக்கப் என்றால் முகமும் கழுத்தும் மட்டும், கைக்கு வேறாக 500. (கைக்கு வேறாக. இதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.) பெற்றோரும் கதிரைக்குக் காசு கட்ட வேண்டும், ஆளுக்கு 500. எனக்கும் அம்மாவுக்கும் ஆயிரம். சட்டம் போட்ட படம் ஒன்று 1,500. கூட்டிப் பார்த்தால் 9,500. துணி, நெட், லைனிங், ஸிப் எல்லாம் சேர்த்து எனக்கு 5,200 போனது. நான் தைத்தபடியால் கூலி இல்லை. மற்றவர்களிடம் ஒரு கவுனுக்கு 7,500 வாங்கினேன். அப்படியென்றால் அவர்களுக்கு 17,000. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற ஒரு தாய் காசை எண்ணித் தரும்போது, "அக்கா, இது என்ர அரை மாதச் சம்பளம்" என்றார். கிழமைக் கடன்காரர் வந்து முற்றத்தில் குந்தியிருக்கிற ஊர் இது. அந்தக் காசைக் கை நீட்டி வாங்கியவள் நான் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

இனிக் கவுன். இதில்தான் எனக்கு வாய் திறக்க உரிமை இருக்கிறது.

மாதிரி என்று எல்லாத் தாய்மாரும் போனில் ஒரே விதமான படத்தைத்தான் காட்டினார்கள். அமெரிக்கப் பிள்ளைகள். மேலே இறுக்கம், இடுப்புக்குக் கீழே குடைபோல விரிந்து முழங்காலுக்கு மேலேயே நிற்கும். அதற்குக் கப்கேக் என்று பெயராம். 2009 இல் டிஎல்சி என்ற அமெரிக்க அலைவரிசை இந்தப் போட்டிகளைத் தொடராகக் காட்டத் தொடங்கியது. அதன் துண்டுகள் இன்னும் யூடியூபில் ஓடுகின்றன. பட்டர்ன் பிடிக்க வேண்டுமே என்று இரண்டு இரவு அவற்றை நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தேன். நெட் எத்தனை அடுக்கு, சுருக்கு எங்கே விழுகிறது என்று பார்க்கப்போய் வேறு பலதையும் பார்த்துவிட்டேன். பால்பல் விழுந்த பிள்ளைக்குக் கழற்றிப் பூட்டுகிற பொய்ப்பல் வைக்கிறார்கள். பொய்முடி, பொய் இமை. வெள்ளைக்காரப் பிள்ளைகளை நிற்கவைத்து உடம்பு முழுக்க மண்ணிறம் பீச்சுகிறார்கள், எங்கள் ஆட்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற மாதிரி. அங்கே வெள்ளைப் பிள்ளைக்கு மண்ணிறம். இங்கே மண்ணிறப் பிள்ளைக்கு வெள்ளை. பிள்ளை கொண்டுவந்து பிறந்த நிறம் இரண்டு இடத்திலும் ஆகாது.

ஒரு தாய் கொண்டுவந்த படத்தில் மேற்பகுதிக்குக் கப் வைத்திருந்தது. பிள்ளைக்கு ஆறு வயது.

"தங்கச்சி, இதுக்கு ஏன் கப்?"

"படத்தில இருக்கு அக்கா. அது இல்லாட்டி ஷேப் வராது எண்டு பார்லர் அக்கா சொன்னவ."

நான் அப்போது இஞ்சி டேப்பைப் பிள்ளையின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு 22, இடுப்பு 21. அந்த வயதில் பிள்ளை நேரே ஒரு கமுக மரம் மாதிரித்தான் இருக்கும். ஷேப்புக்கு எங்கே போவது? டேப் கூசுகிறது என்று அது நெளிந்து நெளிந்து சிரித்தது. "கப் வைச்சுத் தைக்க மாட்டன், வேற ஆளைப் பாருங்கோ" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கப் இல்லாமல், நெஞ்சில் நெட்டால் ஒரு பெரிய பூ வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மேடையில் அந்தப் பூவுக்குத்தான் கைதட்டு விழுந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஒத்திகை இரண்டு ஞாயிறு. நடை பழக்க வந்த தங்கச்சி நல்ல பொறுமைசாலி, குறை சொல்ல முடியாது. அழுத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது இடுப்பில் கையை வைத்து, தோளைத் திருப்பி, கண்ணைச் சிமிட்டுகிற நடை. வளர்ந்த பெண்கள் நடக்கிற நடை. நாலு வயதுப் பிள்ளைகள் அதைச் செய்யும்போது மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மகள் கண்ணாடிக்கு முன் அதையே செய்தபோது சிரிப்பு வரவில்லை. என்ன வித்தியாசம் என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்தில் அது கூத்து மாதிரி இருந்தது. வீட்டில் அவள் உண்மையாகச் செய்தாள்.

இரண்டாம் ஒத்திகையில் ஒழுங்கமைப்பாளர் என்னிடம் வந்தார். "அம்மா, மகளுக்கு முன்பல் இல்லையே. வாயை மூடிச் சிரிக்கப் பழக்குங்கோ."

அதே நாளில்தான் பார்லர் பக்கத்தால் ஒரு சின்ன டப்பா கிரீமும் விற்றார்கள், ஒரு கிழமை இரவில் பூசினால் முகம் "கிளியர்" ஆகுமாம். டப்பாவில் என்ன கலந்தது, எங்கே செய்தது என்று ஒரு எழுத்தும் இல்லை. நான் வாங்கவில்லை. வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பாதரசம் கலந்த வெண்மைக் கிரீம்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. அந்த டப்பாவில் பாதரசம் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சிறுநீரக வருத்தத்தோடு சனம் கிளினிக்கில் வரிசையில் நிற்கிற எங்கள் பக்கத்தில், பெயரில்லாத டப்பாவைப் பிள்ளையின் தோலில் பூசுவதற்கு எந்தத் தாய்க்கும் மனம் வரக்கூடாது.

போட்டி நாள். பிற்பகல் இரண்டரைக்குத் தொடக்கம், பிள்ளைகள் பதினொரு மணிக்கே வர வேண்டும். கவுனைப் பழைய கட்டில் விரிப்பில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். அது மடியில் அடங்கவில்லை, பக்கத்துச் சீட்டில் இருத்தினோம். கொண்டக்டர் தம்பி, "அக்கா, இவவுக்கும் ஒரு ரிக்கெற் போடவோ?" என்றான். பரந்தன் சந்தி வரைக்கும் பஸ்ஸில் எல்லாருக்கும் அதுதான் கதை.

வெளிக்கிடும்போது அம்மா வழக்கம்போல் மகளின் கன்னத்தில் ஒரு கறுத்தப் பொட்டு வைத்துவிட்டிருந்தார். நாவூறு படாமலிருக்க. மேக்கப் பிள்ளை முதல் வேலையாக ஈரக் கடதாசியால் அதைத் துடைத்தெடுத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் காலம் காலமாகப் பிள்ளை வடிவாக இருந்தால் அந்த வடிவைக் கொஞ்சம் குறைத்துத்தான் வெளியே கொண்டுபோவார்கள், ஒருத்தரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று. 500 ரூபாய் கதிரையில் ஆட்களை இருத்தி உற்றுப் பார்க்கச் சொல்வது அம்மாவுக்குப் புதிது.

மேக்கப் முடிந்து மகள் வந்தபோது முகமும் கழுத்தும் ஒரு நிறம், கை இன்னொரு நிறம். 500 ரூபாய் ஏன் என்பது அப்போது விளங்கியது. கட்டினேன். பூசிய கை காய முதல் பிள்ளை கவுனைப் பிடிக்க, என் வெள்ளைச் சாட்டினில் ஐந்து விரலும் ரோஸ் நிறத்தில் பதிந்தன. அது இன்னும் போகவில்லை. மூன்று விதமாகக் கழுவிப் பார்த்துவிட்டேன்.

பிறகு காத்திருந்தோம். பிரதம விருந்தினர் வரவில்லை. இரண்டரை மூன்றாகி, நாலாகி, நிகழ்ச்சி தொடங்க ஐந்து மணி. மேக்கப் கலைந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்றார்கள். ஆளுக்கு ஒரு ரோல்ஸும் ஸ்ட்ரோ வைத்த யூஸ் பக்கெட்டும். அறையில் ஒரு மின்விசிறி, 31 பிள்ளைகள், ஆவணி வெயில். கான்கான் நெட் இடுப்பை அரிக்கும், அது அதன் குணம். உள்ளே பருத்தி லைனிங் நீளமாக விட்டுத் தைத்தால் அரிக்காது. என் ஆறு பிள்ளைகளும் சொறியவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நாலரை மணிபோல் ஐந்து வயதிருக்கும் ஒரு குட்டி வந்து என் சேலையைப் பிடித்தது. "அன்ரி, ஒண்டுக்கு வருது." தாய் கீழே யாருக்கோ போன் எடுக்கப் போயிருந்தார். பிள்ளை போட்டிருந்தது நான் தைத்ததல்ல, கடையில் ஆயத்தமாக எடுத்த கவுன். உள்ளே மூன்று பிளாஸ்டிக் வளையம். மலசலகூடக் கதவு அகலம் இரண்டடிகூட இல்லை, அடி வளையம் அதைவிட அகலம். தூக்கினால் முகத்தை மறைக்கிறது, மடித்தால் துள்ளி நிமிர்கிறது. பிள்ளை காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு, ஆனால் அழவில்லை. அழுதால் மை கரையும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். முழங்காலில் இருந்து, பையில் இருந்த நூல் வெட்டும் கத்திரியால் இடுப்புத் தையலைப் பின்பக்கம் ஆறு அங்குலம் பிரித்தேன். வளையத்தோடு பாவாடை முழுவதும் கீழே விழுந்தது. உள்ளே ஒரு சிவப்புக் கட்டைக் காற்சட்டை, அதில் பூனைப் படம். பிள்ளை பாய்ந்து ஓடியது. திரும்பி வந்ததும் எட்டு சேஃப்டி பின் குத்திப் பொருத்தினேன். அது மேடையில் நடந்தபோது அந்த எட்டுப் பின்னையும் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் பாரிசில் இருக்கும் அக்கா வீடியோவில் வந்தா. லா சப்பலில் கடைக்குள் நின்று கதைத்தா. பிள்ளையைக் காட்டினேன். சந்தோசப்படுவா என்று நினைத்தேன். "இதென்னடி? இஞ்ச உதுக்கு விடமாட்டினம், தெரியுமோ?" என்றா. பிறகு தேடிப் பார்த்தேன், சரிதான். பிரான்சில் 2013 புரட்டாதியில் செனட் சபை 16 வயதுக்குக் கீழே தடை என்று வாக்களித்தது, ஆதரவு 197, எதிர்ப்பு 146. அடுத்த வருடம் சட்டமாக வரும்போது 13 வயதுக்குக் கீழே அடியோடு தடை, 13 முதல் 16 வரை முன் அனுமதி என்று முடிந்தது. உடுப்புக்கே ஊராகிய பாரிஸில். அக்கா சொன்னது எனக்குக் குத்தியது, ஏனென்றால் அவதான் சாட்டினுக்குக் காசு அனுப்பினவ. எதற்கு என்று நான் முழுக்கச் சொல்லவில்லை.

மேடை நல்ல மேடை. ஒலி, வெளிச்சம் சுத்தம். அறிவிப்பாளருக்குத் தமிழ் வரும், ஆனால் வரவிடவில்லை.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். விசுவமடுவுக்கு உள்ளே, றோட்டால் வெகுதூரம் போக வேண்டிய இடத்துப் பிள்ளை ஒன்று. என்னிடம் அளவு கொடுக்க வந்தபோது தாயின் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காது என்று தாய் சொன்னார். அது மேடையின் நடுவுக்கு வந்து, மைக்கைப் பிடித்து, தன் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் சொல்லிவிட்டு ஒரு பாட்டும் பாடியது. தாய் எழுந்து நின்றுவிட்டார், பின்னால் இருந்தவர்கள் இருங்கோ இருங்கோ என்றும் இருக்கவில்லை. அந்த ஒரு பிள்ளைக்கு இந்தப் போட்டி செய்ததை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது பாடிய பாட்டுக்குக் கப்கேக் கவுன் தேவைப்படவில்லை. கலைமகள் விழாவிலோ வினோத உடைப் போட்டியிலோ அந்த மைக்கை யாராவது அதன் கையில் கொடுத்திருந்தால் அங்கேயும் பாடியிருக்கும். யாரும் கொடுக்கவில்லை, காசு கட்டின இடத்தில்தான் கொடுத்தார்கள். இதற்கு நான் யாரைக் கோபிப்பது?

கேள்வி பதில் சுற்றில் பெரும்பாலும் டொக்டர்தான். ஒரு குட்டியிடம் உலகத்தில் யாரை அதிகம் பிடிக்கும் என்று கேட்டார்கள், "எங்கட கறுவலை" என்றது. நாய். மண்டபம் ஆர்ப்பரித்தது, நடுவர்கள் குனிந்து ஏதோ எழுதினார்கள். என் மகளுக்கு வந்த கேள்வி: "அழகு என்றால் என்ன?" ஏழு வயதுப் பிள்ளையிடம். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நல்ல தெளிவாக, பல் இல்லாத வாயை அகலத் திறந்து, "தெரியாது மிஸ். நன்றி" என்றாள். எனக்கு அவ்வளவு பெருமை, என்ன சொல்ல.

புள்ளித் தாளை நான் பார்த்தேன். நடுவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் விளிம்பு அவிழ்ந்து, குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. முக அழகு 20, உடை 20, நடை 20, பதில் 20, தன்னம்பிக்கை 20. கொஞ்சம் யோசியுங்கள். உடைக்கு விழும் 20 தையல்காரிக்கு. முகத்துக்கு விழும் 20 பார்லருக்கு. நடைக்கு விழுவது பழக்கிய தங்கச்சிக்கு. பதிலைத் தாய்மார் எழுதிப் பாடமாக்கி விட்டிருந்தார்கள். அப்படியென்றால் பிள்ளைக்கு என்று மிஞ்சுவது எத்தனை? இன்னொன்று, மூன்று நடுவர்களில் ஒருவர் மேக்கப் போட்ட அந்தப் பார்லரின் உரிமையாளர். யாருடைய வேலைக்கு யார் புள்ளி போடுவது?

எங்கள் பேச்சில் வடிவு என்ற சொல் முகத்துக்கு மட்டும் உரியதல்ல. வடிவாய்ச் சாப்பிடு, வடிவாய்ப் படி, கதவை வடிவாய்ச் சாத்து என்றெல்லாம் ஒரு நாளைக்கு நூறு தரம் பிள்ளைக்குச் சொல்கிறோம். போட்டி முடிந்த அடுத்த கிழமை மகளிடம் "வடிவாய் எழுது" என்றபோது, "எத்தனை புள்ளி?" என்று கேட்டாள். பகிடிக்குத்தான். ஆனாலும் கேட்டாள்.

முடிவு அறிவிப்பில்தான் இவர்கள் மோசமாகப் பிழைவிட்டார்கள். முதல் மூன்று இடத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். மொத்தப் புள்ளிகளைக் கடைசியிலிருந்து மேலே, பெயரோடு, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடைசிப் பெயர் அந்த எட்டுப் பின் குத்திய குட்டி. ஐந்து வயது, 31ஆவது இடம். அதற்கு இடம் என்றால் என்ன என்று விளங்கவில்லை, தன் பெயரைச் சொன்னதும் சந்தோசமாகக் கை காட்டியது. தாய்க்கு விளங்கியது. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன வேகத்தில் என் பின் இரண்டு கழன்று நிலத்தில் விழுந்தன. வென்ற பிள்ளையின் தாய்க்கும் இரண்டாம் பிள்ளையின் தாய்க்கும் மேடைக்குப் பின்னால் வாக்குவாதம், கிரீடத்தை ஒருவர் தொட, மற்றவர் தட்டிவிட. 2021 சித்திரையில் கொழும்புத் தாமரைத் தடாக அரங்கில் திருமணமான பெண்களின் அழகுராணிப் போட்டியில், வென்றவரின் தலையிலிருந்து முந்தின ராணியே கிரீடத்தைக் கழற்றியதை நாடே பார்த்தது. அது வளர்ந்தவர்கள் பாடு. இங்கே கிரீடத்துக்குக் கீழே இருந்த பிள்ளை தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

முதல் மூன்றிலும் வராத பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பட்டம். மகளுக்குக் கிடைத்தது "சிறந்த புன்னகை". வாயை மூடச் சொன்னவர்களே கொடுத்தார்கள். பட்டத்தை எழுதிக் கழுத்தில் போட்ட பட்டி மலிவுச் சாட்டின், விளிம்பு மடிக்கவே இல்லை, வீட்டுக்கு வருவதற்குள் நூல் பிரிந்துவிட்டது. எழுத்து வியர்வைக்குக் கரைந்து கழுத்தில் ஊதாக் கோடு. விளிம்பை நான்தான் பிறகு மடித்துத் தைத்தேன். இப்போது அது எங்கள் கன்றுக்குட்டியின் கழுத்தில். மகள்தான் கட்டினாள், அதற்குத்தான் வடிவான சிரிப்பாம்.

பேஸ்புக் கதை தனி. அடுத்த நாள் காலை 31 பிள்ளைகளின் படமும் அவர்களின் பக்கத்தில், பெயர், வயது, பள்ளிக்கூடம், ஊர் எல்லாம் எழுதி. கூட லைக் வாங்குகிற பிள்ளைக்கு ஒரு பரிசாம். தாய்மார் வெளிநாடு முழுக்க அனுப்பி லைக் கேட்டார்கள். யார் யாரோ முன்பின் தெரியாத ஆண்கள் கீழே இதயம் போட்டிருந்தார்கள். அம்மா போனைப் பார்த்துவிட்டு, "ஊருக்குள்ள நாலு கண் பட்டாலே மிளகாய் சுத்திப் போடுறம், இதுக்கு எத்தினை மூடை மிளகாய் வேணும்?" என்றா. சிரிக்காதீர்கள், இதைவிட நல்லாக இதை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் கொலராடோவின் போல்டர் நகரில் 1996 நத்தாருக்கு மறுநாள் தன் வீட்டுக்குள்ளேயே கொலையுண்டு கிடந்த ஆறு வயது ஜோன்பெனே ராம்சி இப்படியான போட்டிகளில் வென்ற பிள்ளை. கொன்றவர் யார் என்று இன்றுவரை தீரவில்லை. ஆனால் கிரீடத்தோடும் உதட்டுச் சாயத்தோடும் எடுத்த அந்தப் பிள்ளையின் படங்களை உலகத் தொலைக்காட்சிகள் வருசக் கணக்காகக் காட்டின. படத்தை ஒருமுறை வெளியே விட்டால் திருப்பி உள்ளே எடுக்க முடியாது, இதுதான் நான் எடுத்துக்கொண்டது. மகளின் படத்தை எடுக்கச் சொல்லி நான்கு தரம் எழுதினேன். "படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள் அம்மா" என்றார்கள். 1929 க்கு, அதுதான் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கத்துக்கு, எடுத்துக் கேட்கப்போகிறேன் என்று ஐந்தாம் தரம் எழுதியபோது அரை மணித்தியாலத்தில் படம் போய்விட்டது. படிவத்தின் பின்பக்கத்தை வாசியுங்கள். நான் வாசிக்கவில்லை.

மார்கழிக்குக் கேட்டவர்களுக்கு: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று நடை பழக்கிய தங்கச்சியின் பொறுமைக்கு. மற்றது படத்துக்கு. பிள்ளை கேட்டால் மட்டும் விடுங்கள், நீங்கள் கேட்டால் விடாதீர்கள். ஏழு வயதுக்குக் கீழே என்றால் நான் கவுன் தைக்கமாட்டேன், வேறு ஆட்கள் தைப்பார்கள். கப், வளையம் இரண்டுக்கும் என்னிடம் வராதீர்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் என்ன சொன்னாலும் கொடுங்கள். கைக்கு மேக்கப் வேண்டாம். சொன்னால் கேட்க மாட்டீர்கள், தெரியும், நானும் கட்டினேன்தானே.

ஏன் கட்டினேன், ஏன் ஓம் என்றேன் என்றால், எனக்குச் சின்ன வயதுப் படம் ஒன்றும் இல்லை. ஒன்றுகூட இல்லை. 2009 தையில் சண்டைக்குள் விசுவமடுவை விட்டு வெளிக்கிடும்போது அம்மா அல்பத்தை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, வளவுக்குள் மாமரத்தடியில் தாட்டுவிட்டுத்தான் வந்தவ. எடுத்துக்கொண்டு ஓடினது ஒரு பொலித்தீன் பை மட்டும். பிறப்புப் பத்திரங்கள், காணிப் பத்திரம், அப்பாவின் அடையாள அட்டை. மெனிக் பாம் முகாமில் இருந்து மீள்குடியேறி வந்து கிண்டியபோது பெட்டி இருந்தது. படங்கள் எல்லாம் தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாக இருந்தன. உரித்துப் பார்த்தோம். ஒரு பாவாடையின் விளிம்பு மட்டும் தெரிந்தது, பச்சை. அது நானா என் அக்காவா என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் துணியோடு வந்த தாய்மாரில் அரைவாசிப் பேருக்கு இதே கதைதான். அந்த நடத்துனர்களுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியுமோ தெரியாது, சட்டம் போட்ட படம் என்று எழுதியது மட்டும் சரியான இடத்தில் வந்து குத்தியது.

படம் நல்லாய்த்தான் வந்திருக்கிறது. மகள் "தெரியாது மிஸ்" என்று சொல்லி முடிக்கிற நேரத்தில் எடுத்தது. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, இரண்டு பல் இல்லாத இடம் வடிவாய்த் தெரிகிறது, கவுனில் ரோஸ் நிற விரல்கள். சுவரில் மாட்டினோம். அம்மா என்னிடம் 300 ரூபாய் தந்து சின்னதாக இன்னொரு பிரதி எடுத்துவரச் சொன்னா. எடுத்து வந்து கொடுத்தேன். அதைத் தகரப் பெட்டியில் வைக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டைத் திறந்து, பிறப்புப் பத்திரங்களும் காணிப் பத்திரமும் இன்னும் சுற்றி வைத்திருக்கிற அந்தப் பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள் வைத்து, வாயை இரண்டு முடிச்சாகக் கட்டினா.